ஒன்பதுக்கு வராத எண்

எங்கள் பள்ளியின் புதிய கட்டடத்துச் சுவரில் நூறு பீங்கான் டைல்கள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு டைலிலும் ஓர் இலக்கம். வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை. மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டே வந்தால் நூறு இலக்கங்கள் கொண்ட ஒரே எண். அந்த எண்ணைக் கண்டெடுத்தவள் நான். கீழே என் பெயரையும் பீங்கானிலேயே போட்டிருக்கிறார்கள்: அ. பர்வீன், கணித ஆசிரியர். ஜங்ஷன் பக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் யார் கண்ணிலும் படும். என் கண்ணில் படும்போது மட்டும் சோற்றில் முடி கிடந்த மாதிரி இருக்கும்.

புதுக் கட்டடத்தின் முகப்பில் என்ன வைக்கலாம் என்று தாளாளர் ராஜமாணிக்கம் ஆசிரியர்களைக் கூட்டிவைத்துக் கேட்டபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். சரஸ்வதி என்றார் ஒருவர். ராக்கெட் என்றார் இன்னொருவர். விருத்தாசலத்தில் இருந்துகொண்டு பீங்கானில் செய்யாவிட்டால் எப்படி என்று கேட்டவர் தாளாளரேதான். அதுவரை நல்ல யோசனை. நான்தான் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தேன். ஆறாம் வகுப்பின் இரண்டு பிரிவிலும் சேர்த்து நூறு பிள்ளைகள் இருக்கிறார்கள், பிள்ளைக்கு ஓர் இலக்கம் என்று நூறு இலக்கத்தில் ஒரு பகா எண்ணைச் சுவரில் வைப்போம் என்றேன். தாளாளருக்குப் பகா எண் என்றால் என்னவென்று தெரியவில்லை. தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாத எண் என்று விளக்கினேன். "யாராலயும் பிரிக்க முடியாதது. அப்படித்தானே? நம்ம ஸ்கூலு மாதிரி" என்றார். அந்த இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

எனக்கு எண்களைப் பிடிக்கும். மனிதர்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் நான். எண்களுக்கும் வகுப்புகள் உண்டு. ஒற்றை, இரட்டை, பகா எண், பகு எண், நிறைவெண், குறைவெண், மிகையெண் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அங்கே சிபாரிசு செல்லாது. ஆறு நிறைவெண். அதை வகுக்கும் ஒன்று, இரண்டு, மூன்றைக் கூட்டினால் ஆறே வரும். எந்த மந்திரி கடிதம் கொடுத்தாலும் ஏழு நிறைவெண் ஆகாது. ஏழு பகா எண், அவ்வளவுதான். அதன் அப்பா யார், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தொண்ணூற்றேழு பிள்ளைகளிடம் பிடித்த இலக்கத்தைக் கேட்டு வாங்கி வரிசையாக வைத்தேன். கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன். அந்த மூன்றை மாற்றி மாற்றிப் போட்டால் எங்காவது ஒரு பகா எண் சிக்கும் என்பது கணக்கு. மங்கலம்பேட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறையில், அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, லேப்டாப்பில் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இரட்டையில் முடிவதையும் ஐந்தில் முடிவதையும் முதலிலேயே தள்ளிவிட்டேன். மற்றதெல்லாம் ஏதாவது ஒன்றால் உடைந்து போய்க்கொண்டே இருந்தது. முந்நூற்றுப் பதினேழில் முடிகிற எண் உடையவில்லை. வேறொரு முறையிலும் சோதித்தேன். அப்போதும் உடையவில்லை. குழம்பு தீய்ந்து போயிருந்தது. அத்தா முகத்தைச் சுளிக்காமல் அதையே ஊற்றிச் சாப்பிட்டார்.

அத்தா பெயர் அப்துல் குத்தூஸ். மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். மகள் ஒரு எண்ணைக் கண்டுபிடித்துவிட்டாள், அதைச் சுவரில் பதிக்கப் போகிறார்கள், கீழே பெயரும் வருகிறது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். துபாயில் இருக்கிற என் தம்பி ரியாஸுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். திறப்பு விழாவுக்குப் போட்டுக்கொள்ளப் புது ஜிப்பா தைக்கக் கொடுத்தார். இதையெல்லாம் சொல்வது எதற்கென்றால், எனக்கு அந்தச் சுவரில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், என் பெயர். அதற்கு மேலே நிற்கிற எண் உண்மையாக இருக்க வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

டைல் செய்து கொடுத்தவர் பிரபாக்கா. தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை. வழக்கமாக அகல் விளக்கு, கொலு பொம்மை, பியூஸ் கட்டை செய்கிறவர். இலக்கங்கள் மேலே புடைத்துத் தெரிகிற மாதிரி அச்சுப் பிடித்து டைல் செய்தார். பிள்ளைகள் வந்து அவரவர் டைலுக்கு வண்ணம் பூசினார்கள். கடைசி ஏழு, வெண்பா என்கிற பெண்ணுக்குப் போனது. "என்னுதுதான் கடைசியா மிஸ்?" என்று முகம் வாடிக் கேட்டாள். கடைசி இலக்கத்தை வைத்துத்தான் ஒரு எண் ஒற்றையா இரட்டையா என்றே சொல்ல முடியும், உன் ஏழு இல்லாவிட்டால் மற்ற தொண்ணூற்றொன்பதும் வீண் என்று சொன்னேன். அவள் அந்த ஏழுக்கு அப்படி ஒரு நீலம் பூசினாள்.

சூளையில் சுட்டு எடுத்தாயிற்று. பட்டறை முற்றத்தில் மணலைப் பரப்பி, அதன்மேல் நூறையும் வரிசையாக அடுக்கிவைத்திருந்தார் பிரபாக்கா. நான் கையில் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தாளாளரின் கார் வந்து நின்றது. அதன் நம்பரின் கூட்டுத்தொகை ஒன்பது. அவருடைய செல்போன் நம்பரின் கூட்டுத்தொகையும் ஒன்பதுதான். காரிலிருந்து அவருக்குப் பின்னால் பழமலைநாதன் இறங்கினார்.

பழமலைநாதனை விருத்தாசலத்தில் தெரியாதவர்கள் இல்லை. எண்கணித நிபுணர். கடைக்குப் பெயர் வைப்பதிலிருந்து பிள்ளை பிறக்கக் கத்தி வைக்கிற தேதி வரைக்கும் அவரைக் கேட்டுத்தான் நடக்கிறது. வெள்ளைச் சட்டை, கையில் நாலைந்து மோதிரம், எப்போதும் வெற்றிலை போட்ட மாதிரி ஒரு சிரிப்பு. எங்கள் மங்கலம்பேட்டையை மட்டும் நான் ஒழுங்கு என்று சொல்லவில்லை. வண்டிக்கு 786 கிடைக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் தவம் கிடக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பைத்தியத்தில் மதபேதம் கிடையாது.

பழமலைநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு மணலோரம் நின்றார். விரல் கணுவைத் தொட்டுத் தொட்டு நூறு இலக்கத்தையும் மனதுக்குள் கூட்டினார். அந்த வேகத்தை நான் பாராட்டத்தான் வேண்டும். முடித்ததும் ஸ்கேன் எடுத்த டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"நானூத்தி அம்பத்தெட்டு வருதுங்க. நாலும் அஞ்சும் எட்டும் பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. சனிங்க" என்றார்.

தாளாளரின் முகம் இருண்டது. "எட்டா? புதுக் கட்டடத்து மூஞ்சியில எட்டா? மிஸ், என்னா மிஸ் இது? ஒம்பது வர மாதிரி ஒண்ணு பாத்திருக்கக் கூடாதா?"

"ஒம்பது வரவே வராதுங்க சார். இலக்கங்களக் கூட்டி ஒம்பது வந்தா அந்த எண்ணு ஒம்பதால வகுபடும். ஆறாவது புத்தகத்துலயே இருக்குது. ஒம்பதால வகுபட்டா அப்புறம் எப்படிங்க அது பகா எண்ணு ஆவும்? மூணு வந்தாலும் ஆவாது, ஆறு வந்தாலும் ஆவாது. நூறு இலக்கத்துல எந்தப் பகா எண்ண எடுத்தாலும் இதான் கதை."

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்க கணக்க நான் தப்பு சொல்லல மிஸ். அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். பகா எண்ணாவும் இருக்கட்டும், ஒம்பதாவும் இருக்கட்டும்."

எனக்கு அருவருப்பு ஆரம்பித்தது அங்கேதான். ஒருவர் கணக்குத் தெரியாமல் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. தெரியாததைச் சொல்லிக் கொடுக்கத்தானே சம்பளம் வாங்குகிறேன். ஆனால் உண்மையையும் பொய்யையும் ஒரே தட்டில் வைத்து, ரெண்டும் இருக்கட்டும், கல்யாண விருந்தில் சாம்பாரும் ரசமும் இருப்பது போல இருக்கட்டும் என்கிற பெருந்தன்மை இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிரபாக்கா நல்லதென்று நினைத்து ஒன்றைச் சொல்லிவைத்தார். "சார், ஆறுக்கும் ஒம்பதுக்கும் நான் ஒரே அச்சுதான் வெச்சிருக்கேன். ஆற எடுத்துத் தலகீழா வெச்சா ஒம்பது ஆயிடும். வேணும்னா அப்படிப் பாருங்களேன்."

பழமலைநாதன் முகத்தில் வெளிச்சம் வந்தது. குனிந்து முதல் ஆறைத் திருப்பி வைத்தார். மூன்று கூடி நானூற்று அறுபத்தொன்று. கூட்டினால் பதினொன்று, அதாவது இரண்டு. உதட்டைப் பிதுக்கினார். இன்னொரு ஆறைத் திருப்பினார். நானூற்று அறுபத்துநாலு, அதாவது ஐந்து. மூன்றாவது ஆறைத் திருப்பினார். நானூற்று அறுபத்தேழு. மறுபடியும் எட்டு.

நான் கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றேன். மேற்கொண்டு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஆறை ஒன்பதாக்கினால் மூன்று கூடும். ஒன்பதை ஆறாக்கினால் மூன்று குறையும். மூன்றால் வகுபடாத ஒரு தொகையில் மூன்று மூன்றாக எவ்வளவு கூட்டினாலும் கழித்தாலும் அது மூன்றால் வகுபடப் போவதில்லை. மனிதர் திருப்பிக்கொண்டே இருந்தார். இரண்டு, ஐந்து, எட்டு. இரண்டு, ஐந்து, எட்டு. செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தாளாளர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஏதோ ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இருக்கிறவர் மாதிரி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக எண்களே எனக்காக எழுந்து நின்று சண்டை போடுவதாகத் தோன்றியது. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. பழமலைநாதன் எழுந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, திருப்பிய ஆறுகளையெல்லாம் பழையபடி வைக்கச் சொன்னார். பிறகு கடைசி டைலைக் காலால் காட்டினார். காலால்தான்.

"அந்தக் கடைசி ஏழ எடுத்துட்டு ஒரு எட்டு வையுங்க. ஒண்ணு கூடும். நானூத்தி அம்பத்தொம்பது. ஒம்பது வந்துரும்."

"இப்பதான எட்டு ஆவாதுன்னீங்க?" என்று பிரபாக்கா கேட்டார்.

"தனி எட்டுக்கு தோஷம் இல்லீங்க. மொத்த எட்டுக்குத்தான்."

தாளாளர் மூச்சு விட்டார். எனக்கு மூச்சு நின்றது. "சார், எட்டுல முடிஞ்சா அது இரட்டைப்படை. ரெண்டால போவும். ரெண்டாவது படிக்கிற பிள்ளைக்குத் தெரியும் சார். ஒம்பதாலயும் போவும். அதும் மேல 'பகா எண்'ணுன்னு எழுதி, கீழ என் பேரப் போட்டா நாளைக்கு யாராவது காறித் துப்ப மாட்டாங்களா?"

"ரெண்டாவது படிக்கிற பிள்ளைங்களா மிஸ் அட்மிஷன் போட வருதுங்க? அப்பா அம்மாதான் வராங்க. அவங்க யாரு உக்காந்து வகுத்துப் பாக்கப் போறாங்க?"

"அப்ப என் பேர எடுத்துருங்க சார்."

"எப்படி எடுக்கறது? பத்திரிகை அடிச்சாச்சு. அதுவுமில்லாம உங்க பேரு அங்க இருந்தாத்தான் நம்ம ஸ்கூல்ல எல்லாரும் இருக்காங்கன்னு நாலு பேருக்குத் தெரியும். மங்கலம்பேட்டையில இருந்து எத்தன பிள்ளைங்க வருது, யோசிச்சுப் பாருங்க. சொன்னதக் கேளுங்க மிஸ். இல்லன்னா உங்க இஷ்டம், வேற ஸ்கூலு பாத்துக்கங்க."

அப்படியானால் என் பெயரும் அந்தச் சுவரில் ஒரு டைல்தான். எண்ணுக்கு எட்டு பொருந்துகிற மாதிரி சுவருக்குப் பர்வீன் பொருந்துகிறாள். கார் கிளம்பிப் போனது. குழாயடியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். திரும்பி வந்தபோது, உடைந்த பொம்மைத் தலைகள் கிடந்த குவியல் ஓரமாக வெண்பாவின் நீல ஏழைப் பிரபாக்கா எடுத்து வைத்திருந்தார். சூளையில் சில உடையும் என்பதால் ஒவ்வொரு இலக்கத்திலும் இரண்டு மூன்று கூடுதலாகச் சுட்டு வைப்பது அவர் வழக்கம். அதிலிருந்து ஓர் எட்டை எடுத்து அதே நீலத்தைக் கலக்க ஆரம்பித்தார். நான் ஏழை எடுத்துத் துப்பட்டாவால் துடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

விழாவுக்கு வரப்போகும் சிறப்பு விருந்தினர் யாரென்று அடுத்த நாள் சொன்னார்கள். சென்னையில் கணிதத் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர். விழாவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவர் திரையை விலக்குவார், மேலே 'பகா எண்' என்று படிப்பார், கடைசியில் எட்டைப் பார்ப்பார், பிறகு கீழே என் பெயரைப் படிப்பார். பக்கத்தில் புது ஜிப்பாவோடு அத்தா நிற்பார். என்னைப் பெற்றவர் முன்னால், கணக்குத் தெரிந்த ஒரு மனிதர் என்னை மேலும் கீழும் பார்க்கப் போகிறார். சக கணித ஆசிரியர்களிடம் புலம்பினேன். நாங்கள் மொத்தம் நாலு பேர். "ஊரோட ஒத்துப் போங்க மிஸ்" என்றார் சீனியரான கலியமூர்த்தி சார். எம்.எஸ்சி., எம்.பில். சொல்லிவிட்டு வடையைக் கடித்தார். மற்ற இரண்டு பேரும் அவரவர் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுவரில் டைல் பதிக்கிற வேலை விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் கடைசி வரிசைக்கு வந்தது. சாப்பாட்டு இடைவேளை. பிரபாக்கா தானே நின்று ஒட்டிக்கொண்டிருந்தார். எட்டை அப்போதுதான் ஒட்டியிருந்தார், சிமெண்டு பச்சையாக இருந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கைப்பையிலிருந்து ஏழை எடுத்துக் காட்டினேன்.

அவர் ஏழைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "நான் மாத்த மாட்டேன் மிஸ். அந்தாளு நாளைக்கு எனக்கு வேல குடுக்கணும்" என்றார். பிறகு கரண்டியைச் சட்டியின் மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "டீ குடிச்சிட்டு வரேன். ரெண்டும் என் சூளையில வெந்ததுதான். எது இருந்தாலும் நான் உத்துப் பாக்கப் போறதில்ல."

அவர் கேட்டைத் தாண்டுகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டு கையோடு வந்துவிட்டது. ஏழை வைத்து அழுத்தினேன். ஓரத்தில் பிதுங்கிய சிமெண்டை விரலாலேயே வழித்தேன். நீலத்துக்கு நீலம் சரியாகத்தான் இருந்தது. இதற்காக வேலை போனாலும் போகட்டும் என்று தோன்றியது. நாளைக்கு ஒன்பது எங்கே என்று தாளாளர் கேட்டால், நான்தான் மாற்றினேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவதாக முடிவு செய்தேன். அன்றைக்கு வீட்டில் போய் அந்த வாக்கியத்தைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அந்த எட்டை வரும் வழியிலேயே மணிமுத்தாற்றுப் பாலத்திலிருந்து வீசிவிட்டேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் பொத்தென்று விழுந்தது.

மறுநாள் பந்தல், மேளம், பன்னீர் எல்லாம் அமர்க்களமாக இருந்தது. பேராசிரியர் திரையை விலக்கினார். நான் அவர் கண்களையே பார்த்தேன். அந்தக் கண்கள் சுவர்ப் பக்கம் போகவே இல்லை. போட்டோக்காரன் எங்கே நிற்கிறான் என்று தேடின. பிறகு மைக்கைப் பிடித்துப் பூச்சியத்தை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் நாம் என்றார். அமெரிக்காவில் இருக்கிற பேரன் கணக்கில் முதல் மார்க் என்றார். நூறு பிள்ளைகள் வண்ணம் பூசிய நூறு இலக்கங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். அதில் அந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்து தாளாளர். "பெற்றோர்களே, இது பகா எண். யாராலும் பிரிக்க முடியாத எண். இதன் கூட்டுத்தொகை ஒன்பது. ஒன்பது என்றால் நவகிரகம், ஒன்பது என்றால் நவரத்தினம்." பந்தல் அதிரக் கைதட்டினார்கள். அந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றின் பக்கத்தில் ஒன்று நிற்கவே முடியாது. கலியமூர்த்தி சார் தட்டினார். மற்ற இரண்டு கணித ஆசிரியர்களும் தட்டினார்கள். பேராசிரியரும் தட்டினார். சுவரில் ஏழு இருந்தது. கூட்டிப் பார்த்தால் எட்டு வரும். ஒருவரும் கூட்டவில்லை. நான் கண்ணாடி முன்னால் பயின்று வைத்திருந்த வாக்கியத்துக்கு வேலையே வரவில்லை. அதைக் கேட்க ஆளில்லை.

என்னால் ஜெயித்ததாகவே நினைக்க முடியவில்லை. பொய்யை எடுத்துவிட்டு உண்மையை வைத்தேன். எட்டு இருந்திருந்தாலும் இதே கைதட்டல்தான், இதே பன்னீர்தான். அந்தக் கூட்டத்துக்கு அந்தச் சுவரில் நூறு பூக்கள் இருந்திருந்தாலும் ஒன்றுதான். இத்தனை பேர், இவ்வளவு படிப்பு. சீ என்று போய்விட்டது. வெண்பா மட்டும் ஓடி வந்து தன் ஏழைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கடைசில இருந்தாலும் என்னுதுதான் கைக்கு எட்டுது மிஸ்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கூட்டம் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கக் கலைந்தது. சுவர் முன்னால் ஓர் ஆள் மட்டும் நின்றுகொண்டிருந்தார். உதடு அசைந்தது. கட்டைவிரல் கணுக் கணுவாகத் தாவியது. பழமலைநாதன். கடைசி வரிசைக்கு வந்ததும் விரல் நின்றது. குனிந்து பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"எட்டு வருதேம்மா" என்றார்.

"ஆமாங்க. நான்தான் மாத்தினேன். போய்ச் சொல்லிக்கங்க."

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அந்த வெற்றிலைச் சிரிப்பு வந்தது. "நான் எதுக்கும்மா சொல்லணும்? தாளாளர் ஒம்பதுன்னு மைக்குல சொல்லிட்டாரு. இனிமே அது ஒம்பதுதான். நல்ல வேல பண்ணீங்க. எட்டுல முடிஞ்சிருந்தா எனக்கே பாக்க ஒரு மாதிரியாத்தான் இருந்திருக்கும்."

"உங்களுக்கா?"

"நான் பி.எஸ்சி. மேக்ஸும்மா. ஒம்பது வந்தா பகா எண்ணு இல்லன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு பட்டறையில ஆற ஆறத் திருப்பிக்கிட்டு இருந்தேனே, ரெண்டு, அஞ்சு, எட்ட வுட்டா வேற வராதுன்னு மொதல்லயே தெரியும். எடுத்தவுடனே ஏழ எடுத்து எட்டு வையுன்னா நமக்கு என்னா மதிப்பு? கொஞ்சம் வேர்வை சிந்திக் காட்டணும்."

அன்று தூணில் சாய்ந்து, எண்களே எனக்காகச் சண்டை போடுவதாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேனே, அது முழுக்க இந்த மனிதர் போட்ட கூத்து. தெரியாமல் செய்கிறவனை மன்னித்துவிடலாம். தெரிந்துகொண்டே குனிந்து குனிந்து டைலைத் திருப்பிய இந்த முதுகை என்ன செய்வது?

அவர் மறுபடி சுவரைப் பார்த்தார். இந்தத் தடவை விரல் எண்ணவில்லை. சும்மா பார்த்தார். "ஆனா நல்ல எண்ணும்மா. பிள்ளைங்க குடுத்தத அப்படியே வெச்சுட்டு, கடைசி மூணு மட்டும் தேடுனீங்களா? ஆயிரத்துல நாலோ அஞ்சோதான் தேறும். எத்தனாவதுல சிக்குச்சு?"

அந்த எண்ணைப் பற்றி என்னிடம் யாராவது கேட்ட முதல் கேள்வி அது. பேராசிரியர் கேட்கவில்லை, எம்.பில். படித்தவர் கேட்கவில்லை, எனக்குச் சம்பளம் கொடுக்கிறவர் கேட்கவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. பதில் சொன்னேன். இரட்டைகளையும் ஐந்தையும் எப்படித் தள்ளினேன், மூன்றால் வகுபடுவதை எப்படிக் கூட்டிப் பார்த்தே கழித்தேன், முந்நூற்றுப் பதினேழில் நின்றபோது குழம்பு தீய்ந்த கதை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சரியான இடத்தில் தலையாட்டினார். சரியான இடத்தில் குறுக்கே கேட்டார். என் குரல் உயர்ந்ததும் என் கைகள் காற்றில் ஆடியதும் எனக்கே தெரிந்தது. அவர்மேல் எனக்கு இருந்த அருவருப்பைவிட, அவரிடம் பேசுவதில் எனக்கு வந்த சந்தோஷத்தின்மேல் வந்த அருவருப்புதான் பெரிது.

"பர்வீன்" என்று அத்தா கூப்பிட்டார். புது ஜிப்பாவில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "சுவரோட ஒரு போட்டோ நில்லும்மா. ரியாஸுக்கு அனுப்பணும். அந்த ஐயாவையும் நிக்கச் சொல்லு. உன் நம்பரப் பத்தி இவ்வளவு நேரம் விசாரிக்கிறாரு, பெரிய ஆளாத்தான் இருப்பாரு."

பழமலைநாதன் தலையை வாரிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அத்தா அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கடையில், கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். கடைக்குச் சோறு கொண்டுபோனால் நான் வாசலிலேயே தூக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.